மச்சானை விரட்ட இடித்த சுவர்

மச்சானை வீட்டைவிட்டு விரட்டியே தீருவது என்று ஜிக்மண்ட் பிலார்ஸ்கி சபதம் எடுத்தது ஜனவரி மாதத்து செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஆறு பத்துக்கு, குளியலறைக் கதவுக்கு வெளியே, ஒற்றைக்காலில் நின்றபடி. ஒற்றைக்காலில் நின்றது தவம் அல்ல. அவசரம்.

உள்ளே மச்சான் கஸ்பர் பாடிக்கொண்டிருந்தான். நாற்பது நிமிடமாகப் பாடுகிறான். ஒரே பாட்டு. அதிலும் ஒரே வரி.

"கஸ்பர்! நான் டிப்போவுக்குப் போகணும்!"

"போயிட்டு வா மச்சான்!" என்றது உள்ளேயிருந்து குரல். "போகும்போது மாடிக் கதவைச் சாத்திட்டுப் போ, காத்து வருது!"

ஜிக்மண்ட் அமெரிக்காவில் பஃபலோ நகரப் பேருந்து டிப்போவில் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். எந்த இன்ஜினையும் திட்டியே ஓடவைப்பார் என்று பெயர். அவருக்கு மூக்கின்மேல் கோபம் என்று சொல்வார்கள். அது தப்பு. கோபத்தின்மேல்தான் கொஞ்சம் மூக்கு இருந்தது.

கஸ்பர் அவர் மனைவி வாண்டாவின் தம்பி. ஐம்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. தபாலாபீசில் முத்திரை குத்துகிற வேலை. ஊரின் மறுகோடியில் சொந்த வீடு. கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் பெட்டியோடு வந்து நின்றான். "வீட்டுல தண்ணிப் பைப் உறைஞ்சு வெடிச்சிடுச்சு மச்சான். ஒரு வாரம்" என்றான். ஒரு வாரம் மூன்று வாரம் ஆனது. அதற்குள் அவன் ஜிக்மண்டின் நாற்காலியில் உட்கார்ந்தான், ஜிக்மண்டின் செருப்பைப் போட்டான். ஜிக்மண்ட் காலை ஷிப்ட் முடித்து வந்து ஆசையாகப் பேப்பரை விரித்தால், குறுக்கெழுத்துக் கட்டங்கள் எல்லாம் பேனாவால் நிரம்பியிருந்தன. பாதி தப்பு. பென்சிலாவது என்றால் அழிக்கலாம்!

அன்று சாயங்காலம் சமையலறைக்குள் புகுந்தார். வாண்டா அடுப்பை ஒட்டி மேஜை போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். தலையில் கம்பளிக் குல்லாய், உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், கையில் விரல் வெட்டிய கையுறை. மடியில் யாரோ ஒரு பெண்ணின் கல்யாண கவுன். பேட்டையில் பாதிக் கல்யாண கவுன்கள் அவள் கையில் இடுப்பு சிறுத்தோ பெருத்தோதான் கோயிலுக்குப் போகும்.

"உன் தம்பி எப்ப போறான்?"

"மெதுவாப் பேசு. காதுல விழும்."

"விழட்டும்னுதான் பேசறேன்!"

"பைப் சரியானதும் போவான்."

"மூணு வாரமா சரி பண்ற மாதிரி என்ன பைப்பு அது? நயாகராவுலேருந்து நேரா இழுத்த பைப்பா?"

"நீயே போய்ச் சொல்லேன், வெளிய போடான்னு."

அங்கேதான் இடித்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளி கடவுளுக்குச் சமானம் என்பது அவர்களைப் போன்ற போலந்துக்காரர்களின் வேதம். அந்தக் கடவுளை வெளியே போகச் சொன்னால், ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கும் முன்னே வாண்டாவின் ஐந்து அத்தைமாருக்கும் சேதி போய்விடும். அப்புறம் ஈஸ்டர் வரை ஒருத்தியும் ஜிக்மண்டுக்குத் துண்டு கேக் தரமாட்டாள்.

"நீ சொல்லு. நீதானே அக்கா."

"என்னன்னு சொல்ல? ரூம் இல்லப்பான்னு சொல்லலாம்னா, மாடியில பின்ரூம் இருக்கே, கட்டிலும் மெத்தையுமா." சொல்லிவிட்டு வாண்டா ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தாள். நான்கு தரம் தவறியது. ஐந்தாவது தரம் ஊசியே கீழே விழுந்தது.

ஜிக்மண்ட் ஊசியைக் கவனிக்கவில்லை. 'ரூம் இல்லை' என்ற இரண்டு சொல் மட்டும் மண்டைக்குள் போய்ச் சுற்றியது. மறுநாள் டிப்போவில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது அது முழு யோசனையாக உருண்டு திரண்டது. அறை இல்லாவிட்டால் விருந்தாளி இல்லை. அறையை எப்படி இல்லாமல் ஆக்குவது? சுவரை இடித்தால் போச்சு! 'ஜிக்மண்டு, உனக்கு எங்கேயோ மச்சம்டா' என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். பக்கத்தில் ஸ்பானரோடு நின்றவனுக்கு அவர் ஏன் பஸ்ஸுக்கடியில் சிரிக்கிறார் என்று புரியவில்லை. பயந்துவிட்டான். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை.

அந்த வீட்டுச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. வீடு மரவீடு, தொண்ணூறு வருஷத்துப் பழசு. உள்பக்கம் ரீப்பர் பட்டைகளை வரிசையாக அடித்து, சுண்ணாம்பில் குதிரை மயிரைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சுக்குப் பின்னால், வெளிப்பலகை வரைக்கும், நான்கு அங்குலம் வெறும் வெற்றிடம். வெற்றிடம் என்றும் சொல்ல முடியாது. ஊரை ஒட்டிய ஏரியின் காற்று அங்கே குடித்தனம் நடத்தியது. பூச்சை உடைத்து, கண்ணாடிப் பஞ்சு அடைத்து, ஜிப்சம் போர்டு அடித்தால் வீடு கதகதவென்று இருக்கும் என்று வாண்டா கல்யாணமான வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். "தொண்ணூறு வருஷம் நின்ன சுவருடி! ஸ்வெட்டரைப் போடு" என்பார் அவர். ஹீட்டரைக் கூட்டும் குமிழுக்கு ஒரு தகரப் பெட்டி செய்து மாட்டிப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாதா பதக்கத்தோடு கோர்த்து வைத்திருந்தார். இருபத்தாறு வருஷம் அவள் அவரிடம் பேசியதைச் சுவரிடம் பேசியிருந்தால், சுவராவது எதிரொலித்திருக்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வியாழக்கிழமை ராச்சாப்பாட்டில் முள்கரண்டியைத் தட்டில் தட்டிப் பிரகடனம் செய்தார்.

"சனிக்கிழமை பின்ரூம் சுவரை இடிக்கப்போறேன். பஞ்சு வச்சு, போர்டு அடிக்கப்போறேன்."

கஸ்பர் வாய்வரை போன சாசேஜை நிறுத்தினான். வாண்டா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஜனவரியிலயா? எந்தப் புத்திகெட்டவன் ஜனவரியில சுவரை இடிப்பான்?"

"எத்தனை வருஷமாக் கேட்டே? இப்ப செய்யறேன்!"

"பூசி மெழுகாதே ஜிக்மண்ட்! என் தம்பியை விரட்டத்தானே இந்த நாடகம்? அவன் இருக்கிற ரூமுதான் கிடைச்சுதா உனக்கு?"

"என் வீடு, என் சுவரு, என் கடப்பாரை!"

"நல்லா இருக்கற வீட்டைக் குட்டிச்சுவராக்கப் போறே!"

"குட்டிச்சுவரோ கெட்டிச்சுவரோ, நான் சொன்னா சொன்னதுதான்! உனக்கு வரவரக் குளிர் விட்டுப்போச்சுடி!"

"இந்த வீட்டுலயா? குளிர் விட்டாத்தான் நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்துவேனே!" என்று எழுந்து போய் அடுப்பு வாசலில் நின்றுகொண்டாள்.

அவள் கத்தக் கத்த ஜிக்மண்டுக்கு உள்ளுக்குள் சர்க்கரையாக இனித்தது. பெண்டாட்டிக்குக் கோபம் வந்தால் யோசனை சரியான யோசனை என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமை விடிந்ததும் கடப்பாரையோடு மாடியேறினார். கட்டிலை நடைக்கு இழுத்தார். மூக்குக்குத் துணி கட்டினார். முதல் அடி குளியலறைக்காக. பொத்தென்று ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. இரண்டாவது அடி குறுக்கெழுத்துக்காக. மூன்றாவது செருப்புக்காக. அதற்குப் பிறகு காரணம் தேவைப்படவில்லை, கை தானாக ஓடியது. ரீப்பர்கள் முறிந்தன. தொண்ணூறு வருஷத்துக் கரியும் தூசியும் குதிரை மயிரும் தலையில் கொட்டின. சுண்ணாம்பு என்ன கனம் என்பது சுவரில் இருக்கும்போது தெரியாது, வாளியில் அள்ளி மாடிப்படி இறங்கும்போதுதான் தெரியும். அறுபத்து மூன்று வாளி. சாயங்காலம் நான்கு சுவரும் எலும்புக்கூடாக நின்றன. வெளிப்பலகை இடுக்குகளில் பகல் வெளிச்சம் தெரிந்தது. அந்த இடுக்குகள் வழியாகக் காற்று விசிலடித்துக்கொண்டு வந்தது. மேஜைமேல் மறந்து வைத்த தேநீர் பாதி உறைந்துவிட்டது.

மாவில் புரண்ட எலி மாதிரி இறங்கி வந்து, ஜிக்மண்ட் வெற்றி முழக்கமிட்டார்.

"முடிஞ்சுது! இனிமே அந்த ரூமுல நாய்கூடப் படுக்காது. மச்சான், உனக்குத்தான் பாவம்... எங்க போவே?"

ஆளைக் காணோம். முன்கூடத்தை எட்டிப் பார்த்தார். சோபாவில் விரிப்பு விரித்து, தலையணை போட்டு, கம்பளி போர்த்தி, கஸ்பர் நீட்டிப் படுத்திருந்தான். தலைமாட்டில் ரேடியேட்டர். கால்மாட்டில் டெலிவிஷன்.

"என்னடி இது!"

"என் தம்பியைத் தெருவுலயா விடச்சொல்றே?" என்றாள் வாண்டா. "நீ ரூமைப் பறிச்சிட்டே. சோபாவையும் பறிக்காதே."

மறுநாள் ஞாயிறு. ஊரே ஃபுட்பால் பார்க்கிற ஞாயிறு. ஜிக்மண்ட் அவர் வீட்டில், அவர் டெலிவிஷனில், சமையலறை ஸ்டூலை வாசற்படியில் போட்டு, கஸ்பரின் கால் பெருவிரல்களுக்கு நடுவே ஆட்டம் பார்த்தார். முதல் பாதி முடியும்முன் கஸ்பர் குறட்டை விட்டான். இரண்டாம் பாதி முழுக்க வர்ணனையாளர் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. நம்மூர்க் குழு தோற்றது மட்டும் தெரிந்தது.

"கஸ்பர்! எழுந்து மாடிக்குப் போ!"

"அங்க சுவரே இல்லியே மச்சான்."

"நாளைக்கே போர்டு அடிச்சுத் தர்றேன்!"

"வெறும் போர்டா?" கஸ்பர் கம்பளியைக் கழுத்துவரை இழுத்தான். "பழையபடி குளிருமே. எனக்கு இங்கயே சௌகரியம். ஹீட்டர் பக்கத்துல இருக்கு. நீ கஷ்டப்படாதே."

பின்னறையில் பூனைக்குட்டி மாதிரிக் கிடந்தவனை வீட்டின் நட்டநடுவுக்குத் தானே கொண்டுவந்துவிட்டோம் என்று ஜிக்மண்டுக்கு அப்போது உறைத்தது. இப்போது அவனைச் சோபாவிலிருந்து கிளப்பவே பின்னறை வேண்டும். வெறும் அறை போதாது. கதகதப்பான அறை வேண்டும். பிடரியில் அடித்துக்கொண்டார். சுண்ணாம்பு பறந்தது.

திங்கட்கிழமை முதல் டிப்போ விட்டால் மாடி. கடையில் பஞ்சுச் சுருள் வாங்கும்போது, "முழுக்கைச் சட்டை போட்டுக்கங்க, அரிக்கும்" என்றான் கடைக்காரன். "எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம்" என்று அரைக்கைச் சட்டையோடு அடைத்தார். ஒரு மணி நேரத்தில் அரிப்பு முழங்கையில் தொடங்கியது. இரண்டு மணி நேரத்தில் சட்டைக்குள் போயிற்று. பிறகு போகக்கூடாத இடமெல்லாம் போயிற்று. டிப்போவில் பஸ்ஸின் பின்பக்க பம்பரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றதை மேலாளர் பார்த்துவிட்டு, லீவு வேண்டுமா என்று கேட்டார்.

போர்டு தூக்க ஒரு கை போதவில்லை. கஸ்பர் வந்து ஒரு விரலால் தாங்கினான். தாங்கியதோடு விட்டானா?

"திருகாணியை அவ்வளவு ஆழமா இறக்காதே மச்சான். தாள் கிழிஞ்சுட்டா போர்டு நிக்காது."

"உனக்கு யாருடா சொன்னது? தபால் தலையா?"

"சும்மா தோணுச்சு."

தாள் கிழிந்தது. போர்டு நிற்கவில்லை. ஜிக்மண்டின் கால்மேல் இறங்கியது.

நொண்டிக்கொண்டு கீழே வந்தவர், சமையலறையில் வெடித்தார்.

"போதும்! உன் தம்பிக்காக நான் ஏன்டி சாகணும்? எனக்குச் சோறு போடறப்போகூட அவன் தட்டைத்தான் முதல்ல நிரப்பறே! இருபத்தாறு வருஷத்துல நான் உனக்கு என்ன குறை வச்சேன்? சொல்லு! ஒண்ணே ஒண்ணு சொல்லு!"

வாண்டா தையலை ஒதுக்கினாள். கையுறைகளைக் கழற்றினாள். இரண்டு கையையும் மேஜைமேல், விளக்குக்கு அடியில் நீட்டி வைத்தாள். கணுக்கள் வீங்கிச் சிவந்திருந்தன. நடுவிரல் இரண்டும் மடங்கவில்லை.

"நவம்பர்ல வீங்கும். ஏப்ரல்ல வத்தும். ஏழு வருஷமா இப்படி. காலையில ஊசி பிடிக்கணும்னா அரைமணி வெந்நீர்ல கை வைக்கணும். ராத்திரி குல்லாய் போட்டுத் தூங்கறேன். கிழவி மாதிரி, பைத்தியக்காரி மாதிரி. நீ கழுத்துல சாவியைத் தொங்கவிட்டுட்டு நிம்மதியாக் குறட்டை விடறே. ஒண்ணு சொல்லுன்னு கேட்டியே. சொல்லிட்டேன்."

அவள் கத்தவில்லை. அதுதான் ஜிக்மண்டைப் பயமுறுத்தியது. பதிலுக்குக் கத்தத்தான் அவருக்குத் தெரியும். கத்தாதவர்களிடம் என்ன செய்வது என்று தெரியாது.

"நீ சொன்னதே இல்லியே" என்றார்.

"ஒவ்வொரு வருஷமும் சொன்னேன். நீ ஸ்வெட்டர் போடச் சொன்னே."

ஜிக்மண்ட் மாடியேறினார். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அது யார்மேல் என்பதில்தான் குழப்பம். அடித்த இரண்டு போர்டையும் கழற்றினார். அவசரத்தில் அரைகுறையாகத் திணித்த பஞ்சையெல்லாம் உருவி, மடிப்பில்லாமல், இடைவெளியில்லாமல், மின்பெட்டிக்குப் பின்னால்கூடத் துணுக்குத் துணுக்காக அடைத்தார். ஜன்னல் ஓரத்தில் ஒரு முடி நுழையாதபடி அடைத்தார். தன்னையே திட்டிக்கொண்டு அடைத்தார். அதற்குமேல் போர்டு. இணைப்புகளில் நாடா ஒட்டி, மூன்று கை பட்டி பார்த்து, ஒவ்வொரு கைக்கும் நடுவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். இரண்டு வாரம் ஓடியது. அவர் வீட்டில் வேலை என்று இத்தனை சுத்தமாக எதையும் செய்ததில்லை. மூலையில் விளக்கை வைத்துப் பார்த்தாலும் சுவரில் ஒரு மேடு பள்ளம் கிடையாது.

வெள்ளையடித்து முடித்த அன்று வாண்டா மேலே வந்தாள். வெளியே பனிப்புயல் சுழன்றது. சத்தம் ஏதோ அடுத்த தெருவில் கேட்கிற மாதிரிக் கேட்டது. அவள் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"எப்படி?" என்றார் ஜிக்மண்ட்.

"பரவாயில்ல" என்றாள்.

டிப்போவில் மெடல் குத்தியபோதுகூட அவருக்கு இப்படி இருந்ததில்லை. ஆனால் அடுத்த நிமிடமே, இந்த அருமையான அறையில் படுக்கப்போகிறவன் யார் என்று நினைவு வந்தது. வயிறு எரிந்தது.

ராத்திரி கஸ்பர் புது அறையில் படுத்தான். காலையில் ஜிக்மண்ட் எழுந்து வந்தபோது அவன் வாசலில், கோட்டும் தொப்பியுமாக, பெட்டியோடு நின்றான்.

ஜிக்மண்டுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. "என்ன மச்சான்? கிளம்பிட்டியா? பைப் சரியாயிடுச்சா?"

"எந்தப் பைப்?" என்றான் கஸ்பர். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"டேய்."

"மச்சான், கோபப்படாதே."

"டேய் கஸ்பர்! உன் வீட்டுல பைப் வெடிச்சுதா இல்லியா?"

கஸ்பர் சமையலறைப் பக்கம் பார்த்தான். பெட்டியைக் கீழே வைத்தான். அவனுக்கும் பொறுமை போய்விட்டது. "இல்ல! வெடிக்கல! ஆறு வாரமா என் வீடு நல்லாத்தான் இருக்கு, நான்தான் நாசமாப் போனேன்! சுவர் முடியறவரைக்கும் போகக்கூடாதுன்னு அக்கா சொல்லிட்டா. மனுஷன் எத்தனை நாள்தான் வேணும்னே மோசமான விருந்தாளியா நடிக்கறது? என் முதுகு உன் சோபாவுல உடைஞ்சே போச்சு! நீ கத்தற கத்துக்கு எனக்கு ரத்தக்கொதிப்பு வந்திடுச்சு! இனிமே எங்க அக்காவுக்கு உதவணும்னா அவளே நேரா உன்கிட்ட கேட்டுக்கட்டும்!"

படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு போனான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஜிக்மண்டின் முகம் சிவப்பாகி, ஊதாவாகி, பெயர் இல்லாத ஒரு நிறத்துக்குப் போயிற்று.

"வாண்டா!"

சமையலறையில் ஆளில்லை. தையல் மெஷினும் இல்லை. மாடியில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். பின்னறையில் ஜன்னலோரம் மெஷின் நின்றது. ஒற்றைக் கட்டிலில் வாண்டாவின் தலையணை. வாண்டா ஸ்வெட்டர் இல்லாமல், தலையில் குல்லாய் இல்லாமல் நின்றாள். அவள் முடியைக் குளிர்காலத்தில் பார்த்து அவருக்கு ரொம்ப வருஷம் ஆகிவிட்டது.

"என்னடி செய்யறே?"

"குடி வர்றேன்."

"அப்ப நான்?"

"நம்ம ரூம் இருக்கே. பெரிய கட்டில். தாராளமாப் படு."

"அங்க குளிருமேடி!"

"அப்படியா?" என்றாள் வாண்டா.

ஜிக்மண்ட் கத்தினார். ஏமாற்றப்பட்டேன் என்றார். கூட்டுச்சதி என்றார். சாமியாரிடம் சொல்வேன் என்றார். அவளுடைய ஐந்து அத்தைமாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சாட்சிக்கு அழைத்தார். தன் வாழ்நாளில் இன்றைக்கு வந்த மாதிரிக் கோபம் தனக்கு வந்ததே இல்லை என்று, சுவரில் ஓங்கிக் குத்தினார். கை வலித்தது. சுவர் அசையவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்.

வாண்டா ஊசியை எடுத்து, முதல் தடவையிலேயே நூலைக் கோர்த்தாள்.

"இந்தக் கோபம் ஆறறதுக்குள்ள போய் நம்ம ரூம் சுவரை ஆரம்பிச்சுடு, ஜிக்மண்ட். உனக்குக் கோபம் வந்தாத்தானே வேலை சுத்தமா நடக்குது."